பாலிஷ் போன கல்

தாராவியில் நாகூர் கனியின் கல் பட்டறைச் சுவரில் ஒரு அட்டை தொங்கும். 'பச்சைக் கல் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவணும். வாய்ப் பக்கம் கொண்டு போகக் கூடாது.' மேலே இந்தி, கீழே தமிழ். எழுதியது முதலாளியேதான். பத்தொன்பது வருஷமாக அங்கே கல்லுக்குப் பாலிஷ் போடும் ரஷீதாவுக்கு அட்டையைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. மலாக்கைட் என்று வெளியே விற்கும் அந்தப் பச்சைக் கல்லில் செம்பு இருக்கிறது, தூள் உள்ளே போனால் குடலைப் பிடுங்கிவிடும் என்று அங்கே தரை கூட்டுகிறவளுக்குக்கூடத் தெரியும்.

இவ்வளவும் தெரிந்த மனுஷன்தான் அதே கல்லைத் தண்ணீர் பாட்டிலில் போட்டு விற்கக் கிளம்பினார்.

செம்பூரில் ஒரு கடைக்காரி கொடுத்த ஆர்டர். கண்ணாடி பாட்டில், உள்ளே ஒரு பச்சைக் கல், கழுத்தில் ஒரு சீட்டு: 'கர்ப்பிணிகளுக்கான அமைதி நீர்.' கல்லின் சக்தி தண்ணீரில் இறங்கி வயிற்றுப் பிள்ளைக்குச் சேருமாம். முந்நூறு பாட்டில். ரஷீதாவும் கூட வேலை பார்க்கும் ராபியாவும் குனிந்த தலை நிமிராமல் கல்லுக்குப் பாலிஷ் போட்டார்கள். முதல் பாட்டில் தயாரானதும் நாகூர் கனி அதை எடுத்து, துஆ ஓதி, மூன்று தடவை ஊதி ரஷீதாவிடம் நீட்டினார்.

"ஒம் மவ ஷைஸ்தாவுக்கு. இந்தத் தடவ பிள்ள நல்லபடியாத் தங்கும், பாரு."

ஓதி ஊதிக் கொடுத்ததை யார் வேண்டாம் என்பார்கள்? ஷைஸ்தாவின் முதல் கரு மூன்றாம் மாதமே கலைந்துபோயிருந்தது. இது இரண்டாவது, ஐந்தாம் மாதம். ரஷீதா பாட்டிலை முந்தானையில் பொதிந்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். அந்த முந்தானையை நினைத்தால் இப்போது அவளுக்குத் தன்னையே அறையத் தோன்றுகிறது.

ரமலான் மாதம். வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு நோன்பு இல்லை. வேலைக்குக் கிளம்பும் முன் ரஷீதா பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, ஒரு முழு எலுமிச்சம்பழம் பிழிந்து, சீனியும் உப்பும் போட்டு வைத்துவிட்டுப் போவாள். ஷைஸ்தா சாயங்காலம் வரைக்கும் அதைத்தான் குடித்தாள்.

"உம்மா, வாயில துட்டச் சப்புன மாரியே இருக்கு."

"மசக்க அப்பிடித்தாம்ளா இருக்கும். இன்னும் ரெண்டு மொடக்குக் குடி."

வாந்தி நிற்கவில்லை. ஐந்தாம் மாதத்தில் என்ன மசக்கை என்று தெரு முக்கு டாக்டரும் கேட்கவில்லை, ரஷீதாவும் கேட்கவில்லை. மாத்திரை வாங்கினார்கள், கூட இன்னொரு எலுமிச்சம்பழமும் பிழிந்தார்கள்.

ஒன்பதாம் நாள் காலை பக்கத்து வீட்டிலிருந்து பட்டறைக்குப் போன் வந்தது. ரஷீதா ஓடிப்போய்ப் பார்த்தபோது மகள் குளியலறை வாசலில் சுருண்டு கிடந்தாள். தரையில் வாந்தி, லேசான பச்சையில். வாயை நனைக்கலாம் என்று பாட்டிலை எடுத்துத் தலையைத் தூக்கினாள். பாட்டில் உதட்டுக்கு வந்த இடத்தில் அவள் கை நின்றது.

கல்லில் பாலிஷ் இல்லை.

முகம் பார்க்கிற மாதிரி மினுக்கி வைத்த கல் அது. காலை அவசரத்தில் அவள் உள்ளே பார்த்ததே இல்லை. இப்போது அது மங்கிப்போய், அங்கங்கே அரித்துக் கிடந்தது. தன் கையால் போட்ட பாலிஷ் எங்கே போயிருக்கும் என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஈயம் பூசாத பித்தளைச் சட்டியில் ஒரு நாளும் புளி கரைக்காதவள் அவள். களிம்பு ஏறும், உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தவள். இது கண்ணாடிதானே என்று ஏமாந்துவிட்டாள். செம்பு இருந்தது பாத்திரத்தில் இல்லை, கல்லுக்குள்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "இதுல எலுமிச்சம்பழமா புழிஞ்சே?" என்று இந்தியில் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். வயிற்றுக்குள் போயிருப்பது செம்பு. குழந்தையின் துடிப்பு கேட்கிறது, ஆனால் இரண்டு நாள் போகாமல் எதுவும் சொல்ல முடியாது என்றாள்.

மருமகன் ராஹிலைக் கட்டிலருகே உட்கார வைத்துவிட்டு ரஷீதா பாட்டிலோடு பட்டறைக்கு நடந்தாள். நோன்பு வாயில் கெட்ட வார்த்தை கூடாது என்பதால் வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தாள்.

பட்டறை வாசலில் டெம்போ நின்றது. டிரைவர் ஹமீது பாட்டில் பெட்டிகளை ஏற்றி முடித்திருந்தான். நோன்பு திறந்ததும் செம்பூருக்குக் கிளம்பவேண்டியதுதான். உள்ளே பாயில் பேரீச்சம்பழம், கஞ்சி, தண்ணீர் ஜக் எல்லாம் தயார்.

"காக்கா, டெம்போவ அனுப்பாதிய," என்றாள் ரஷீதா, எப்போதும் போல முதலாளியை அண்ணன் முறை வைத்து. ஆஸ்பத்திரியில் நடந்ததையும் சொன்னாள்.

நாகூர் கனியின் முகம் ஒரு நொடி வெளுத்தது. ஒரு நொடிதான். "ரஷீதா, தூளுதாம் வெசம். பாலிஷ் போட்ட கல்லு ஒண்ணும் செய்யாது. நீ பாட்டுக்கு எலுமிச்சம்பழத்தப் புழிஞ்சிட்டு எம்மேல பழி போடுதியே. புழியணும்னு சீட்டுல எங்கயாச்சும் போட்டுருக்கா?"

"புழியக் கூடாதுன்னு எங்கயாச்சும் போட்டுருக்கா? புள்ளத்தாச்சிப் பொண்ணுவ புளிப்புதான காக்கா கேக்கும்? முந்நூறு வீட்லயும் புழியத்தான் செய்வாளுவோ."

"பார்ட்டிக்கு வாக்குக் குடுத்தாச்சு. ஏத்துன மால் நிக்காது."

ரஷீதா பாயில் அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். ஒரு டம்ளரை இழுத்து, பாட்டிலில் மிச்சமிருந்ததை ஊற்றி அவர் முன்னால் வைத்தாள்.

"பாங்கு சொல்ல இன்னும் ஏழு நிமிசம் இருக்கு. இதக் குடிச்சி நோன்பு தொறங்க. நீங்க குடிச்சிட்டியன்னா டெம்போ கூடவே நானும் போயி எறக்கிக் குடுத்துட்டு வாறேன்."

ராபியா கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹமீது வாசலோரம் வந்து உட்கார்ந்தான். நாகூர் கனி இரண்டு தடவை மணி பார்த்தார். டம்ளரைப் பார்க்கவில்லை.

பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. அவர் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டார். கை டம்ளர் வரைக்கும் வந்தது. அதைத் தாண்டிப் போய் ஜக்கை எடுத்தது. அவர் அண்ணாந்து மடமடவென்று குடித்தார்.

"ஓதி ஊதுனது நீங்கதான காக்கா," என்றாள் ரஷீதா. "எம் மவளுக்கு எட்டு நாளும் மொடக்கு மொடக்காக் குடுத்தேன். ஒங்களுக்கு ஒரு மொடக்கு எறங்கலியே!"

அவர் கண் சுவரில் தொங்கிய அட்டைக்குப் போய்த் தரைக்கு வந்தது.

ஹமீது வாயிலிருந்த பழத்தை மென்றுகொண்டே எழுந்துபோனான். யாரும் சொல்லாமலே டெம்போவிலிருந்து பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினான். ராபியாவும் எழுந்து போய் ஒரு கை கொடுத்தாள். முதலாளி உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை.

ரஷீதா ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு, அவர் குடித்த அதே ஜக்கிலிருந்து தண்ணீர் குடித்தாள். பிறகு பாட்டிலை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். இன்னும் இரண்டு நாள் இருந்தது.