கலக்காத கோப்பை

காவியுஸின் சாம்பலைப் புதைத்து ஒன்பதாம் நாள். கல்லறையில் பதித்த மண்குழாய் வழியே, துளி நீர் கலக்காத முதல் கோப்பை மதுவை அவனுக்கு ஊற்றிவிட்டு, ஜாடியோடு வீடு திரும்பினார்கள். போரிலிருந்து வந்த வருஷம் காவியுஸும் கமூரியுஸும் சேர்ந்து தார் பூசி மூடிய ஜாடி அது.

மிச்சத்தை நீர் கலக்காமல் தனியாகக் குடித்துத் தீர்த்துவிட்டுப் படுக்க வேண்டும். எழுந்தாலும் சரி, எழாவிட்டாலும் சரி என்று கமூரியுஸ் முடிவு செய்திருந்தான். நண்பன் போனதிலிருந்து அவன் அப்படித்தான் குடித்துக்கொண்டிருந்தான். காவியுஸின் மனைவி பெதானியாவுக்கு அது புரிந்திருந்தது.

"முதல்ல பகடை எலும்பை உருட்டுங்க அண்ணே," என்றாள். "ஜெயிச்சவங்க சொல்ற கலவைதான். அந்த வழக்கம் அவரோட போயிடல."

எப்போதும் ஜெயிப்பவன் காவியுஸ். ஒரு பங்கு மதுவுக்கு மூன்று பங்கு நீர் ஊற்றச் சொல்வான். "குடியைப் பத்திப் பாட்டுக் கட்டுறவன், கோப்பையில தவளை வளக்குறான் பாரு!" என்று கமூரியுஸ் கத்துவான். காவியுஸ் சிரித்துக்கொண்டே தன் வரியைப் பாடுவான்: கரை இருந்தால் ஆறு, கரை உடைந்தால் சேறு.

பெதானியாவின் தம்பி சால்வியுஸ் முதலில் உருட்டினான். நான்கு எலும்பிலும் ஒன்று, 'நாய்' என்று சொல்லும் ஆக மோசமான வீச்சு. "நாய்! எனக்குன்னு விழுறதப் பாருங்க," என்று தலையில் அடித்துக்கொண்டான். பெதானியாவுக்கும் ஒன்றும் அமையவில்லை.

கமூரியுஸ் உருட்டினான். நான்கு எலும்பு, நான்கு வேறு முகம்; எல்லாவற்றையும் வெல்லும் 'வீனஸ்' வீச்சு. வாழ்நாளில் முதல்முறை.

"அடிச்சாரு பாரு வீனஸ்!" சால்வியுஸ் துள்ளினான். "அப்புறமென்ன அண்ணே, தண்ணிக் குடத்தைத் தோட்டத்துல கவுத்திரட்டுமா?"

பெதானியா குடத்தின் காதைப் பிடித்தபடி நின்றாள். ஜெயித்தவன் பேச்சை மறுக்க அவளுக்கு உரிமையில்லை.

கமூரியுஸ் கோப்பையை நிரப்பி உதட்டருகே கொண்டுபோனான். காலையில் குழாயின் வாயிலிருந்து எழுந்த அதே மணம். குழாய் எல்லாவற்றையும் ஒரே மடக்கில் விழுங்கியது. ருசி பார்க்கவில்லை, உதட்டை நக்கவில்லை, நல்லாயிருக்கு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்த எட்டு நாளும் தானும் அப்படித்தானே குடித்தோம் என்று தோன்றியது.

கோப்பையைக் கீழே வைத்தான்.

"தண்ணி ஊத்தும்மா."

"எவ்வளவு அண்ணே?"

"ரெண்டு பங்கு."

"அவரு மூணு சொல்வாரு."

"அவன் கஞ்சப் பய. இன்னிக்கு இங்க ராஜா நான்."

அவள் அவசரமாகக் குடத்தைச் சாய்த்ததில் பாதி நீர் மேசையில் ஓடியது. கமூரியுஸ் ஒரு வாய் எடுத்து நாக்கில் நிறுத்திப் பார்த்தான்.

"கொஞ்சம் புளிப்பு. தார் பூசுறப்ப அவன் பாட்டு பாடிட்டிருந்தான், அதான்." மறுபடி ஒரு வாய் எடுத்தான். "ஆனா நல்லாயிருக்கு. எல்லாருக்கும் மெதுவா ஊத்து. பொழுது சாயுற வரைக்கும் வரணும். அவன் பாட்டு அத்தனையும் இருக்கு பாடுறதுக்கு."

"அந்தச் சேறு பாட்டுமா?" என்றான் சால்வியுஸ்.

"அதுதான் முதல்ல."