அரைக் கட்டை மேலே

கெட்டிலில் கொதித்த தண்ணீரைக் குழலின் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தேன். பச்சை பிளாஸ்டிக் தலை, பித்தளை உடம்பு, ஆறு துளை. இந்த மலிவுக் குழல்களில் தலையைப் பசை வைத்து ஒட்டி அனுப்பிவிடுகிறார்கள். வெந்நீரில் பசை இளகினால்தான் தலையை இழுத்துச் சுருதி சேர்க்க முடியும். அதுவும் சட்டென்று இளகாது. விரல் வெந்த பிறகுதான் இளகும்.

டர்லோ மாட்டுக்கு வைக்கோல் போட்டுவிட்டு வந்து, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றான். கல்யாணமாகி இருபத்தைந்து வருடமாக என் ஒவ்வொரு கிறுக்கையும் அவன் அந்த வாசலில் நின்றுதான் வேடிக்கை பார்த்திருக்கிறான்.

"என்ன கொரெட்டி, டீயா, சூப்பா?"

"குழல்."

"இது எத்தனாவது?"

அலமாரி இழுப்பறையைத் திறந்தால் அவனே எண்ணிக்கொள்ளலாம். முதலில் வாங்கியது மேல் ஸ்தாயியில் கீச்சிட்டது. நாய் எழுந்து வெளியே போய்விடும். அடுத்தது தகரத்தைச் சுருட்டி, வாயில் மரக்கட்டை அடைத்தது. என் மூச்சில் பாதி இசையாகும், பாதி வெறும் காற்றாகப் போகும். அதன் பிறகு ஒரு அலுமினியக் குழல். இனிமையான பிள்ளை, ஆனால் என் மூக்கைத் தாண்டி யாருக்கும் கேட்காது. பிறகு ஒரு பிளாஸ்டிக் புல்லாங்குழல். அதன் துளைகளுக்கு என் விரல் எட்டவில்லை, ஊதினால் தலை சுற்றியது. யாரோ சொன்னார்கள் என்று, சுவரில் படம் ஒட்டும் நீலப் பசையை உருட்டி வாய்ப்பகுதிக்கு அடியில் இருக்கும் குழியில் அடைத்தும் பார்த்தேன். ஓசை மாறியது உண்மை. நல்லபடியாக மாறியதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கேட்டால் எல்லோரும் ஒரே பல்லவி. "விலையில என்ன இருக்கு, விரல்லதான் இருக்கு." என் தோழி ஆலிவ் இதைச் சொல்லும்போது அவள் மடியில் இருப்பது, செய்பவரிடம் சொல்லிவைத்து இரண்டு வருடம் காத்திருந்து வாங்கிய கருமரப் புல்லாங்குழல். என்னைப் போலப் பள்ளி வேன் ஓட்டுகிறவள் அதை வாங்க வேண்டுமானால் வேனைத்தான் விற்க வேண்டும், வேனோ என்னுடையதில்லை.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. ஞாயிறு பூசை முடிந்து, மதியச் சாப்பாடும் முடிந்த பிறகு, எங்கள் ஊர் பப்பில் கணப்பருகே ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து வாசிப்பார்கள். அந்த வட்டத்தில் எனக்கு ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான். மூன்று வருடமாக விளிம்பில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். வேனில் பள்ளி மணி அடிக்கும்வரை காத்திருக்கும் நேரமெல்லாம் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பழகி, எண்பது மெட்டுக்கு மேல் மனப்பாடம். வாசிப்பு எப்படி என்று கேட்டால் "அருமை" என்பார்கள். எங்கள் லீட்ரிம் பக்கம் அருமைக்கும் அருமைதான், அபத்தத்துக்கும் அருமைதான். அதை வைத்துக்கொண்டு நான் என்ன முடிவுக்கு வருவது? குற்றம் குழலில்தான் என்ற முடிவுக்கு வந்தேன்.

அதனால்தான் ஸ்லைகோ டவுனுக்குப் போய் இந்தப் புதுக் குழலை வாங்கினேன். கடைக்காரர் ஒரே ஆலையின் ஒரே ரகத்தில் ஒரு கட்டு எடுத்துப் போட்டார். ஒன்றை ஊதி வைத்ததும் ஸ்பிரிட் துணியால் துடைத்துவிட்டு அடுத்ததைக் கொடுத்தார். ஒரே விலை, ஒரே அச்சு, ஆனால் ஒன்றின் குணம் இன்னொன்றுக்கு இல்லை. கடைசியில் கணீரென்று ஒன்று அகப்பட்டது. கடைக்காரரே தலையைத் தூக்கிப் பார்த்தார். பதினைந்து யூரோவுக்குள் இப்படி ஒரு குரலா என்று மனம் துள்ளியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் மெட்டிலேயே என் குழல் எனக்குக் கேட்டது. வட்டத்துக்கே கேட்டது. பென்னி ஷான்லி பிடிலிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். அந்த வட்டத்துக்குத் தலைவர் என்று யாரும் கிடையாது, ஆனால் எல்லோரும் பென்னியைத்தான் பார்ப்பார்கள். நான் பூரித்துப்போனேன். மூன்றாவது மெட்டு முடிந்ததும் அவர் பியரை ஒரு வாய் குடித்துவிட்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"கொஞ்சம் ஏத்திக்கலாமா? இன்னிக்கு எல்லாம் மந்தமா கேக்குது."

பிடில்காரர்கள் மூவரும் கம்பியை முறுக்கும் பிருடையைத் திருகி அரைக் கட்டை ஏற்றினார்கள்.

எங்கள் மெட்டுகள் பெரும்பாலும் இரண்டு கட்டையில்தான். என்னுடையது மாதிரிக் குழல் பிறந்த சுருதியிலேயே சாகும். தலையை இழுத்தால் ஒரு மயிரிழை நகரும், அரைக் கட்டை நகராது. பிடிலுக்கு அந்தக் கவலை இல்லை, அக்கார்டியனில் எல்லாச் சுருதியும் உண்டு. வந்த இடத்தில் அடாவடியாகச் சேர்ந்து வாசிக்கும் வெளியாள் யாராவது இருந்தால், ஒரு வார்த்தை கடிந்து பேசாமல் இரண்டரைக் கட்டைக்குப் போய்விடுவது எங்கள் பக்கத்து வழக்கம். போன கோடையில் ஒரு டச்சுக்காரருக்கு இப்படித்தான் செய்தார்கள். குழல் பழுதாகிவிட்டது என்று நினைத்து அவர் அதை உதறி உதறிப் பார்த்தார். நாங்கள் சிரிப்பை பியரில் மறைத்துக்கொண்டோம்.

அதனால் எனக்கு விளங்க நேரமாகவில்லை. ஒருவேளை உண்மையிலேயே மந்தமாகத்தான் கேட்டதோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அப்போது ஆலிவ் காலடியில் இருந்த பையைத் திறந்தாள். உள்ளே இன்னொரு புல்லாங்குழல், இரண்டரைக் கட்டைக்கானது, துண்டுகளைப் பொருத்தித் தயாராக இருந்தது. அவள் அதை எப்போதும் கொண்டுவருகிறவள் இல்லை. யாரோ முன்கூட்டிச் சொல்லியிருக்கிறார்கள்.

மிச்ச நேரமெல்லாம் குழலை மடியில் வைத்துக்கொண்டு, காலால் தாளம் தட்டி, சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தேன். வாசிக்கிறவர்களுக்குப் பப்காரர் கொடுக்கும் ஹாம் சாண்ட்விச் தட்டு மட்டும் தவறாமல் என்னிடம் வந்தது. மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

வீட்டில் டர்லோவிடம் கொட்டினேன். "குழல் சத்தம் இன்னும் பத்தல, அதான். விளிம்புல இருக்கறவதானேன்னு நெனச்சிட்டாங்க."

அவன் உருளைக்கிழங்கை வெண்ணெயில் புரட்டிக்கொண்டே யோசித்தான். இசையில் அவன் ஞானசூனியம். ஆனால் சந்தையில் மாட்டைப் பார்த்ததும் குறை சொல்லிவிடுவான்.

"சத்தம் பத்தலைன்னா எதுக்கு ஏத்தணும்? கேக்குதுன்னுதானே ஏத்தறாங்க."

"வாய மூடிட்டுச் சாப்பிடு," என்றேன்.

மறுவாரமே இரண்டரைக் கட்டைக் குழல் ஒன்றையும் வாங்கினேன். விரல் போடுவது அதேதான், குழல் மட்டும் கொஞ்சம் குட்டை. ஞாயிற்றுக்கிழமை பென்னி ஏற்றினார். நான் பையிலிருந்து குட்டையை எடுத்துச் சேர்ந்துகொண்டேன். அவர் புருவம் மேலே போய் அங்கேயே நின்றது. அடுத்த மெட்டுக்கு "இறக்கிக்கலாம்ப்பா, கம்பி அறுந்துடும்" என்றார். நான் பழையதை எடுத்தேன். பார் பக்கம் யாரோ குபீரென்று சிரித்தார்கள். என் காது சுட்டது, ஆனாலும் நிறுத்தவில்லை. எலியும் பூனையும் விளையாட எனக்கு ஐம்பத்து நான்கு வயதில் என்ன தலையெழுத்து!

சாண்ட்விச் வந்த நேரத்தில் ஆலிவ் சிகரெட் பிடிக்க வெளியே போனாள். பின்னாலேயே போனேன். தூறல். கார்கள் நிற்கும் இடத்தில் பீப்பாய்களுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றாள்.

"ஆலிவ், இந்தக் குழல்ல என்ன குறை? சொல்லித் தொலை."

"எந்தக் குழல்ல?"

நீட்டினேன். அவள் சிகரெட்டைப் பீப்பாய் விளிம்பில் வைத்தாள். குழலின் வாயைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டு ஊதினாள். நான் வேனில் நூறு தடவை வாசித்த மெட்டுதான். கீச்சு இல்லை, இரைச்சல் இல்லை. மேல் ஸ்தாயிக்குப் போனதே தெரியவில்லை. ஒரு சுற்று வாசித்துவிட்டு என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"குழல் நல்லாத்தான் இருக்கு, கொரெட்டி."

பிளாஸ்டிக் தலையில் அவள் மூச்சின் சூடு இன்னும் இருந்தது. தூக்கி ரோட்டில் எறியலாம் போல் இருந்தது.

"அப்போ நான்தான்."

"நீ தாளத்த விட்டு ஓடற. ரெண்டாம் பகுதி வந்தாப் போதும், கெளம்பிடற. எங்க எல்லாரையும் இழுத்துட்டுப் போற. முன்னாடியும் ஓடினதானே, ஆனா அந்தக் குழல் எதுவும் கேக்கல. இப்போ கேக்குது."

"மூணு வருஷம், ஆலிவ்! ஒருத்தர், ஒரே ஒருத்தர் வாயத் தெறந்து சொன்னீங்களா?"

"மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது? நாளைக்கும் ஒருத்தர் மூஞ்சில ஒருத்தர் முழிக்கணுமே."

"மூஞ்சிக்கு நேரா பிருடையத் திருகலாம். அது பரவால்ல."

அவள் தரையைப் பார்த்தாள். "பென்னி போன் பண்ணினாரு. நான் வேணாம்னு சொல்லியிருக்கணும்."

"ஆமா, சொல்லியிருக்கணும்."

இழுப்பறை நிறையக் குழலை வாங்கிச் சேர்க்க விட்டதற்குப் பதில் யாராவது ஒரு தடவை "மெதுவாப் போடி" என்றிருந்தால் போதுமே! கார்ச்சாவி கையில்தான் இருந்தது. ஆலிவ் நான் போய்விடுவேன் என்று எதிர்பார்த்தாள். அது அவள் முகத்திலேயே தெரிந்தது. அதனாலேயே நான் உள்ளே போனேன்.

அதற்குள் மறுபடி ஏற்றியிருந்தார்கள். நான் முக்காலியை இழுத்து, விளிம்பிலிருந்து ஓரடி உள்ளே போட்டேன். குட்டைக் குழலை எடுக்கவில்லை. இரண்டு கட்டைக் குழலை வாயில் வைத்தேன்.

மெட்டை யார் எடுக்கிறார்களோ, சுருதியும் வேகமும் அவர்கள் சொன்னபடிதான். சேர்ந்துகொள்ள வேண்டியது மற்றவர்கள் பாடு. மூன்று வருடத்தில் நான் ஒரு மெட்டைக்கூட எடுத்ததில்லை. யாராவது எடுப்பார்கள், நான் தொற்றிக்கொள்வேன். இப்போது எடுத்தேன்.

யாரும் சேரவில்லை. சேர வேண்டுமானால் பிடில்களை இறக்க வேண்டும். அக்கார்டியன்காரர் பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு பென்னியைப் பார்த்தார். பென்னி பியரைப் பார்த்தார். பப்பில் பேச்சு அடங்கியது. யாரோ டிவியில் ஓடிக்கொண்டிருந்த ஆட்டத்தின் சத்தத்தைக் குறைத்தார்கள். எனக்கு என் குழல் மட்டும், எந்தத் துணையும் இல்லாமல், கேட்டது. முதல் பகுதி ஒழுங்காகத்தான் போனது. இரண்டாம் பகுதியில் கால் வைத்ததும் ஓடினேன். முதல் தடவையாக அது எனக்கே கேட்டது. பள்ளி மணிக்குப் பிந்தியவள்போல மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருந்தேன். ஆலிவ் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. அதற்காக அவளை மன்னிக்கவும் தோன்றவில்லை.

நிறுத்திவிடலாம் என்று இருந்தது. ஆனால் எங்கள் பக்கம் ஒரு மெட்டை மூன்று சுற்று வாசிக்காமல் யாரும் விடுவதில்லை. இரண்டாம் சுற்றில் காலைத் தரையில் அழுத்தி வேகத்தைப் பிடித்தேன். கொஞ்சம் நின்றது, கொஞ்சம் திமிறியது. ஆலிவ் நனைந்த தலையோடு உள்ளே வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு புல்லாங்குழல்களும் அவள் முன்னால் இருந்தன. எதையும் தொடவில்லை.

மூன்றாம் சுற்றைத் தொடங்கினேன், வேண்டுமென்றே மெதுவாக. பென்னி பிடிலைத் தோளிலிருந்து இறக்கி முழங்காலில் நிறுத்தினார். அவருடைய பெருவிரல் பிருடையின்மேல் இருந்தது. இன்னும் திருகவில்லை.