பின்வளவுக் கல்மேடை

உரும்பிராய் மயூரதன் இணையத்தில் வெளியிட்ட சுற்றுலா வழிகாட்டியில் பருத்தித்துறைக்குக் கிடைத்தது இரண்டு பக்கந்தான். வெளிச்சவீட்டை வெளியே நின்று பார்க்கலாம், உள்ளே ஏற விடமாட்டார்கள் என்றிருந்தது. தெருவுக்கு மேலாகக் கட்டிய தெருமூடி மடத்தைப் படம் எடுக்கக் காலை வெயில் நல்லது. தட்டை வடை வாங்கினால் ஒரு பை கூடுதலாக வாங்குங்கள், பஸ் யாழ்ப்பாணம் போய்ச் சேருமுன் முதற்பை முடிந்துவிடும். மீன் சந்தைக்கு நல்ல செருப்போடு போகவேண்டாம்.

தங்குமிடங்களில் முதலாவதாக ஜெசிதாவின் வீடு. கடலுக்கு நடக்கும் தூரம், மூன்று அறைகள், காலையில் இடியப்பமும் சொதியும், முன்கூட்டிச் சொன்னால் மத்தியானம் கணவாய்க் கறி. அதற்குக் கீழே தடித்த எழுத்தில்: ‘பின்வளவில் உள்ள வட்டக் கல்மேடை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது. வேறெங்கும் காணக் கிடைக்காது.’

ஆயிரம் என்பது ஜெசிதா சொன்ன கணக்கு. உண்மையில் அது அவளுடைய அம்மப்பா கடலில் எடுத்த முருகைக்கல்லையும் சிப்பியையும் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்த சூளை. மயூரதன் கமராவோடு வந்து ‘இதென்னக்கா?’ என்று கேட்டபோது, அடுத்த தெரு விடுதிக்காரர் தங்கள் கிணறு ஒல்லாந்தர் காலத்தது என்று சொல்லியிருந்தது அவளுக்கு நினைவு வந்தது. ஒல்லாந்தருக்கு முந்தினது என்றாள். எவ்வளவு முந்தினது என்று கேட்டான். வாயில் வந்ததைச் சொன்னாள். கோயிலென்றாலும் பள்ளிக்கூடமென்றாலும் பக்கத்து ஊரைவிட எங்களுடையதுதான் பழையது என்று சொல்வது குடாநாட்டில் வழக்கம். அதை யாரும் பொய்யில் சேர்ப்பதில்லை.

சொன்னது பலித்தது. சனம் வந்தது. மேடையில் ஏறி நின்று படம் எடுத்தது. ஜெசிதா அதைச் சுற்றிச் செவ்வந்தி நட்டாள். கணவன் இறந்தபின் அவளுக்கும், பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள் சாருஜாவுக்கும் இருந்த பிழைப்பு சீதனமாக வந்த இந்த வளவும் மூன்று அறைகளுந்தான்.

மாசியில் ஒரு நாள் பின்னேரம் மூன்று ஆண்கள் வந்து மூன்று அறைகளையும் எடுத்தார்கள். மூத்தவர் பெயர் சேனாரத்ன. வவுனியாவில் வேலை பார்த்தபோது பழகிய திருத்தமான தமிழ். சம்பலை மெச்சினார். சாப்பிட்ட தட்டைத் தானே கொண்டுவந்து வைத்தார். கடற்கரைக்கு எந்த வழி என்று மூவரில் ஒருவரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை சாப்பாட்டுக்குக் கூப்பிடப் பின்பக்கம் போனவள், சூளையைச் சுற்றி முளைகள் அடித்து வெள்ளை நூல் கட்டியிருப்பதைக் கண்டாள். ஒருவன் அளவுநாடா பிடித்துக்கொண்டிருந்தான். மற்றவன் செவ்வந்திச் செடிகளை வேரோடு, மண் உதிராமல் எடுத்து ஓரமாக வரிசையில் வைத்திருந்தான். அந்தக் கவனந்தான் அவளை முதலில் பயமுறுத்தியது.

“என்ன சேர் இது?”

“எங்கள் வேலை, தங்கச்சி,” என்றார் சேனாரத்ன. “பழைய இடங்களைப் பார்ப்பது.” கைத்தொலைபேசியில் மயூரதனின் பக்கத்தை எடுத்துக் காட்டினார். “எங்கள் தொல்பொருள் கந்தோரில் எல்லோரும் இதைப் பார்த்தார்கள்.”

“ஐயோ சேர், அது சூளை. என்ரை அம்மப்பா சுண்ணாம்பு சுட்டவர்.”

“ஆயிரம் வருடம் என்று நீங்கள் சொன்னதாக இருக்கிறதே.”

“ஆக்கள் வரட்டும் எண்டு சொன்னனான்.”

“அப்படியானால் எது பொய்? அன்றைக்குச் சொன்னதா, இன்றைக்குச் சொல்வதா?” சிரித்துக்கொண்டுதான் கேட்டார். “பயப்படாதீர்கள். நாளைக்குக் காலை பெரியவர்கள் வருவார்கள். சூளை என்றால் நூலைக் கழற்றிக்கொண்டு போய்விடுவோம். இல்லை என்றால் ஒரு பலகை நடுவோம். பிறகு வளவில் மண்ணைத் தொடக்கூடாது. அவ்வளவுதான்.”

இடியப்பம் சாப்பிட்டுவிட்டு மூவரும் யாழ்ப்பாணம் புறப்பட்டார்கள். பொழுதுபடத் திரும்புவதாகச் சொன்னார்கள்.

பலகை என்றால் என்ன என்பது ஜெசிதாவுக்குத் தெரியும். அவளோடு படித்த வினோஜாவின் மாமனார் காணியில், வேறொரு ஊரில், முதலில் ‘தொல்பொருள் இடம்’ என்று ஒரு பலகைதான் வந்தது. அடுத்த வருடம் பலகையைச் சுற்றி முள்ளுக்கம்பி வந்தது. பிறகு தூர இடத்திலிருந்து பஸ்ஸில் ஆட்கள் பூத்தட்டோடு வந்து கும்பிட்டுப் போனார்கள். மாமனார் தன்னுடைய கிணற்றில் தண்ணீர் அள்ளக் காவலில் நின்றவனிடம் கேட்கவேண்டியிருந்தது. கடைசியில் அவர் கேட்பதை விட்டுவிட்டு மகளோடு போயிருந்துவிட்டார்.

அவள் மயூரதனுக்குப் போன் அடித்தாள்.

“தம்பி, அந்தக் கல்மேடையை உடனை எடு.”

“ஏனக்கா? அதுக்குத்தான் நல்ல வரவேற்பு.”

“அது சூளையடா. நான் சும்மா சொன்னது.”

“நீங்கள் சொன்னதைத்தானே அக்கா போட்டனான். என்ரை பக்கத்திலை எடுக்கிறன். ஆனா கனபேர் அதைத் தங்கடை பக்கங்களிலையும் போட்டிட்டினம். லண்டனிலை ஒருத்தர் அதை ஆயிரத்து ஐந்நூறாக்கி வைச்சிருக்கிறார்.”

போனை வைத்துவிட்டு வேலிக்கு மேலால் பரமலிங்கத்தைக் கூப்பிட்டாள். பக்கத்து வளவுக்காரர், மேசன். அவருடைய தகப்பன்தான் அம்மப்பாவுக்குச் சூளை கட்டிக் கொடுத்தவர். ஜெசிதாவின் மூன்று அறைகளையும் கட்டியவர் பரமலிங்கம்.

“ஆயிரம் வருசத்து மகாராணி கூப்பிட்டவவோ?” என்று கேட்டுக்கொண்டே வந்தவர், நூலைக் கண்டதும் பகிடியை நிறுத்தினார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

“அண்ணை, உங்கடை அப்பர் சூளைக்கு அடியிலை கொங்கிறீற் போட்டவர் எண்டு சொல்லுறனீங்கள். அதை ஒரு கரையிலை திறந்து காட்டினால் போதும். ஆயிரம் வருசத்துக்கு முன்னம் ஆர் கொங்கிறீற் போட்டது?”

பரமலிங்கம் நூலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். “தோண்ட வேண்டாம் பிள்ளை. நாளைக்கு வரட்டும். நானும் வந்து வாயாலை சொல்லுறன்.”

“வாய்ச்சொல்லை ஆர் கேக்கிறது? என்ரை வாய்தான் இவ்வளவையும் கொண்டுவந்தது.”

“கொங்கிறீற் எண்டு அப்பர் சொன்னவர். அப்பர் கனக்கச் சொல்லுறவர்.”

“அலவாங்கைத் தாங்கோ, நான் கிண்டுறன்.”

அவர் தரவில்லை. தானே கொண்டுவந்தார்.

நூல் அசையாதபடி, அறைகளின் பக்கமாக ஒரு கரையில் வெட்டினார்கள். முதலில் சாம்பல் வந்தது. பிறகு வெந்தும் வேகாததுமான சிப்பி, உடைந்த முருகைக்கல். ஜெசிதாவுக்கு மூச்சு வந்தது. “பாத்தீங்களே, சூளைதானே,” என்று ஒரு பிடி சாம்பலை அள்ளிக் காட்டினாள். அவர் இன்னும் ஒருமுறை குத்தினார். அலவாங்கு கணீரென்றது.

“கொங்கிறீற்!” என்று அவள் குழிக்குள் இறங்கிக் கையால் மண்ணை வழித்தாள்.

அது கொங்கிறீற் இல்லை. உளியால் பொளிந்த கல். பக்கத்தில் இன்னொன்று, அதற்கப்பால் இன்னொன்று. இரண்டு கல்லுக்கும் நடுவில் நகம் போகவில்லை. மேற்புறத்தில் ஓரமாகச் செதுக்கிய ஒரு பள்ளம், ஒரு தவாளிப்பு, கல்லுக்குக் கல் தொடர்ந்து ஓடியது. சூளை வட்டம். இது நேர்வரிசை. ஒரு பக்கம் சூளைக்கு அடியில் நுழைந்தது. மறுபக்கம் அறைகளை நோக்கிப் போனது.

ஜெசிதா நிமிர்ந்து பார்த்தாள். பரமலிங்கம் குந்தியிருந்து தலைப்பாகைத் துண்டால் கழுத்தைத் துடைத்தார். அவருடைய முகத்தில் அதிசயம் எதுவும் இல்லை.

“உங்களுக்குத் தெரியுமோ?”

“அறைக்கு அத்திவாரம் வெட்டேக்கையும் இதுதான் வந்தது.”

“ஏன் சொல்லேல்லை?”

“நீ உன்ரை மனிசனோடை ஆசுப்பத்திரியிலை நிண்டனீ. அவர் வீட்டை வாறதுக்கு முன்னம் ஒரு அறையாவது முடிக்க வேணும் எண்டு அழுதனீ. வேலையை நிப்பாட்டு எண்டு உன்னட்டை வந்து சொல்லச் சொல்லுறியோ?”

“அப்ப கல்லுகளை என்ன செய்தனீங்கள்?”

அவர் அறைச்சுவரைப் பார்த்தார். “நல்ல கல்லுகள், பிள்ளை. உடைச்சு அத்திவாரத்துக்கே போட்டிட்டன்.”

வெளியே மீன்காரனின் மோட்டார்சைக்கிள் கூவிக்கொண்டு போனது. வாயில் வந்தபடி சொன்ன ஒரு எண், சொல்லுமுன்பே தன் காலடியில் கிடந்திருக்கிறது என்ற நினைப்பு ஜெசிதாவுக்கு எந்த ஆறுதலையும் தரவில்லை. இனி அது சூளை என்று சொன்னாலும் உண்மை, இல்லை என்று சொன்னாலும் உண்மை. இரண்டில் எது வெளியே வந்தாலும், அதற்கு மேலே மூன்று அறைகள் நின்றன.

“மூடுவம்,” என்றாள்.

மண்ணைத் தள்ளினார்கள், மிதித்தார்கள், மேலே சாம்பலைத் தூவினார்கள். தோண்டாத மண் வெளிறியிருந்தது, தோண்டியது கறுத்திருந்தது. காய விட நேரம் வேண்டும். அவள் சருகு அள்ளிக்கொண்டிருந்தபோது படலையில் வாகனம் வந்து நின்றது. வெயில் இன்னும் இறங்கவில்லை.

சேனாரத்ன கைகால் கழுவப் போகாமல் நேரே பின்வளவுக்கு வந்தார். நூலைப் பார்த்தார். முளைகளைப் பார்த்தார். சருகைக் காலால் விலக்கி, சப்பாத்து நுனியால் மண்ணை ஒருமுறை அழுத்தினார். பிறகு பரமலிங்கத்துக்கு வணக்கம் சொன்னார்.

“தோண்டினீர்களா, தங்கச்சி?”

“ஓம் சேர். சூளை எண்டு காட்ட.”

“கோபமில்லை. நானும் அதைத்தான் செய்திருப்பேன். என்ன கண்டீர்கள்?”

பரமலிங்கம் அவளைப் பார்க்கவில்லை.

“கொங்கிறீற்,” என்றாள் ஜெசிதா. “அடியிலை கொங்கிறீற் கிடக்கு சேர். நல்லாத் தெரியுது.”

“மிகவும் நல்லது.” அவர் முகம் உண்மையாகவே மலர்ந்தது. “அப்படியானால் பிரச்சினை முடிந்தது. நாளைக்குப் பெரியவர்கள் முன்னால் அதே இடத்தில் திறப்போம். எல்லோரும் கொங்கிறீற்றைப் பார்க்கட்டும். ஐயா, நீங்களும் வாருங்கள். தோண்டியவர் நிற்பது நல்லது.”

“வாறன்,” என்றார் பரமலிங்கம். அவருடைய குரல் கேட்டும் கேட்காததுமாக இருந்தது. வேலியடியால் போகாமல் சுற்றி, தெருவால் வீட்டுக்குப் போனார்.

இரவுச் சாப்பாட்டைப் பொழுதுபட்ட கையோடு கேட்டார்கள். ஜெசிதா புட்டும் மீன்குழம்பும் வைத்தாள். சேனாரத்ன குழம்பில் என்ன மீன் என்று கேட்டார், விளைமீன் என்றாள். ஊரில் தன் மனைவிக்கு இந்தப் பதம் வருவதில்லை என்றார். பிறகு, அதே குரலில், சுவரைத் தடவிப் பார்த்தபடி கேட்டார்:

“இந்த அறைகள் நல்ல வேலை. கடற்கரை மண்ணில் ஒரு வெடிப்புக்கூட இல்லை. அத்திவாரம் வெட்டும்போது கல் ஏதும் வந்ததா?”

கரண்டி சட்டியின் விளிம்பில் தட்டியது. “நான் அப்ப இங்கை நிக்கேல்லை, சேர். ஆசுப்பத்திரியிலை நிண்டனான்.”

“ஓ. யார் கட்டினது?”

அவள் புட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் திரும்பக் கேட்கவில்லை. வேலிப்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, இளையவனிடம் சிங்களத்தில் மெதுவாக ஏதோ சொன்னார். அவன் பாதிப் புட்டோடு எழும்பிக் கைகழுவினான். அளவுநாடாவையும் ஒரு விளக்கையும் எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

“தங்கச்சி, நாளைக் காலை இன்னும் ஐந்து பேருக்குச் சேர்த்து இடியப்பம் செய்ய முடியுமா? வருகிறவர்களும் இங்கேயே தங்குவார்கள். நாங்கள் மூவரும் ஒரே அறையில் படுப்போம், உங்களுக்குச் சிரமம் தரமாட்டோம்.”

“எத்தினை நாளைக்கு, சேர்?”

“அதை இப்போது சொல்ல முடியாது,” என்றார் சேனாரத்ன. தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார்.

அவள் வார்த்தாள். வெளியே, முதலாவது அறையின் சுவரடியில், மண்வெட்டி மண்ணில் இறங்கும் சத்தம் கேட்டது.