காற்றில் பதினைந்து

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் சாலையில் எங்கள் மருத்துவக் கல்லூரி. நின்றுபோன இதயத்தை அழுத்தி ஓடவைக்கப் பழகுவதற்கு அங்கே இருந்தது ஒரே ஒரு ரப்பர் பொம்மை. 2003இல் அதன் மார்பு ஸ்பிரிங் உடைந்தது. புதிது வாங்க மனமில்லாத பேராசிரியர் ஹரிகிருஷ்ணன், அட்டெண்டர் சதாசிவத்தை மேசையில் படுக்கவைத்தார். உயிருள்ளவனை அழுத்தினால் விலா ஒடியும் என்பதால், கையை மார்புக்கு மேலே நிறுத்திக் காற்றில் பதினைந்து முறை அழுத்த வேண்டும். தொட்டால் பெயில். நாங்கள் வைத்தியம் படித்த லட்சணம் இதுதான்.

பிணமாகக் கிடப்பதில் சதாசிவம் கெட்டிக்காரர். காதருகே கத்தினாலும் இமை அசையாது.

தேர்வன்று மேசையில் ஏறும்போது நெஞ்சைத் தடவினார். "காலைலேர்ந்து மார்ல இன்னாவோ பேஜாரா கீது, டாக்டரம்மா."

"வாயுவா இருக்கும். நாஸ்தா சாப்ட்டீங்களா?" என்றேன். ஏற்கெனவே இரண்டு முறை கோட்டைவிட்டவள் நான். இதிலும் போனால் ஒரு வருடம் போச்சு, கல்பாக்கத்தில் அப்பா தோலை உரித்துவிடுவார். என் கவலை எனக்கு.

எனக்கு முன் இரண்டு பேர் முடித்தார்கள். நான் தோளைத் தட்டினேன். கழுத்தில் விரல் வைத்தேன். அங்கே நாடி துடிக்கத் துடிக்க 'இல்லை' என்று ஒப்பித்துத்தான் எங்களுக்குப் பழக்கம். அன்று நிஜமாகவே இல்லை.

கத்தியிருக்கலாம். கத்தினால் தேர்வு நின்றுவிடும்.

"நாடி இல்லை," என்றேன், மனப்பாடம் ஒப்பிக்கும் குரலில். காற்றில் பதினைந்து முறை அழுத்தினேன்.

"வெரி குட், சங்கரி. நெக்ஸ்ட்."

அடுத்தவன் ஜான்சன், வகுப்பிலேயே மக்கு. கழுத்தைத் தொட்டதும் அலறினான். "சார், மெய்யாலுமே இல்ல சார்!"

"தொடாதடா!" என்று பேராசிரியர் கத்தக் கத்த அழுத்தினான். விலா ஒடிந்த சத்தம் கதவருகே நின்ற எனக்குக் கேட்டது. வாயோடு வாய் வைத்து ஊதினான். அழுதுகொண்டே அரை மணி நேரம் அழுத்தினான். சதாசிவம் எழவில்லை.

கல்லூரி கேன்டீனில் பாத்திரம் கழுவும் அவர் மனைவி வரலட்சுமி ஈரக்கையோடு ஓடிவந்தாள். "மேச மேல சும்மா படுத்துகினு இருந்த ஆளு சார். இன்னா பண்ணீங்க?"

பேராசிரியர் என்னைப் பார்த்தார். "நீ செய்யும்போது நாடி இருந்ததாம்மா?"

அவர் கையில் மதிப்பெண் தாள். என் பெயருக்கு நேரே இருபதுக்கு இருபது.

"நல்லா இருந்தது சார்," என்றேன். "ஜான்சன் அழுத்துற வரைக்கும்."

வரலட்சுமி அவன் சட்டையைப் பிடித்தாள். அவனோ சதாசிவத்தின் கழுத்தில் இன்னும் விரல் வைத்துத் தேடிக்கொண்டிருந்தான்.