பொறுத்துக்கொண்டவர்கள்

தமிழ்ப் பள்ளிப் பொதுக்கூட்டத்துக்குக் காரில் போகும்போதும் மயூரா ஜெர்மனியை விடவில்லை. என் மனிசி, ஹிட்லருக்கு முந்தின ஜெர்மனியின் அரசியலமைப்பைப் பற்றி ஆய்வு செய்கிறாள். நான் கணக்காளன். கேட்டுக் கேட்டே எனக்கும் அந்த நாற்பத்தெட்டாம் பிரிவு பாடம்.

"அவசரம் எண்டால் ஜனாதிபதி தானே சட்டம் போடலாம். பாராளுமன்றம் நினைச்சால் ரத்துச் செய்யலாம். செய்யாமல் பொறுத்துக்கொண்டு இருந்திட்டினம்!"

"ஏன்?"

"இந்த ஆளை விழுத்தினால் இதைவிட மோசமானவன் வந்திடுவான் எண்டு பயம். அவையள் நல்ல மனிசர்தான், தவன். ஆனா கோழையள்."

மெல்பேர்னில் இருக்கும் எங்கள் கிரெய்கிபர்ன் தமிழ்ப் பள்ளிக்கும் அப்படியொரு பிரிவு உண்டு. கொரோனா நேரம் தலைவர் சிறிதரன் அண்ணை பள்ளியின் யாப்பு விதிகளில் ஒரு வரி சேர்த்தார்: அவசர காலத்தில் தலைவர் தனித்தே முடிவெடுக்கலாம். கொரோனா போய்விட்டது, வரி போகவில்லை. தேர்தலும் நடக்கவில்லை. போன தவணை "எப்ப அண்ணை தேர்தல்?" என்று கேட்ட சிவகௌரி ரீச்சரை அந்த வரியை வைத்தே பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார். அதை இன்னும் ஒரு வருஷம் நீட்டத்தான் இன்றைய கூட்டம். நீட்டினால் ரீச்சருக்கு இனி வகுப்பில்லை. எழும்பிக் கேட்கிறேன் என்று மயூரா அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

சிக்கல் என்னவென்றால், சிறிதரன் அண்ணை தங்கமான மனிசன். நாங்கள் மெல்பேர்னில் வந்திறங்கியபோது விமான நிலையத்தில் காத்து நின்றவர் அவர்தான். வீடு கிடைக்கும்வரை தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டார். போன மாசியில் மனைவி செத்தபிறகு அவருக்கு மிச்சம் இந்தப் பள்ளிக்கூடம் மட்டுமே. இன்றும் மண்டபத்தில் கதிரைகளைத் தானே அடுக்கி, தேத்தண்ணியும் தானே ஊற்றி, ஒவ்வொருவர் கையிலும் கொண்டுவந்து தந்தார். மயூராவுக்குச் சீனி போடாமல். இந்த மனிசனோடு எப்படிக் கோபிக்கிறது, சொல்லுங்கள்?

"பிள்ளையள், நான் என்ன பதவி ஆசையிலயே நிக்கிறன்?" அவர் குரல் இடறியது. "நானும் இல்லாட்டி ஆர் இதை இழுக்கிறது? ஓம் எண்டிற ஆக்கள் கையைத் தூக்குங்கோ."

கைகள் எழும்பத் தொடங்கின. பின்வரிசையில் இருந்த ரீச்சர் மயூராவையே பார்த்துக்கொண்டிருந்தார். மயூரா தன் கோப்பையை என் மற்றக் கையில் திணித்தாள்.

"இதைப் பிடியுங்கோ."

அப்பாடா, எழும்பப் போகிறாள்!

அவள் எழும்பவில்லை. இருந்தபடியே கையைத் தூக்கினாள்.

"மயூரா, என்ன இது?"

"அவர் பாவம், தவன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எதிர்க்க ஏலாது." அவள் கண் கலங்கியிருந்தது. "அந்த ஜெர்மன்காரரும் இப்பிடித்தான் தூக்கியிருப்பினம்."

ரீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். கை தூக்காமல் அவரும் நானும்தான் மிச்சம். என் இரண்டு கையிலும் தேத்தண்ணி. தூக்காமல் இருக்க நல்ல சாட்டு என்று இரண்டையும் இறுக்கிப் பிடித்தேன்.

சிறிதரன் அண்ணை என்னைக் கண்டுவிட்டார். சிரித்துக்கொண்டே கதிரைகளுக்கிடையால் வந்தார்.

"ஐயோ தம்பி, உனக்குக் கையில்லாமல் போச்சே."

ஒரு கோப்பையை வாங்கினார். மற்றதையும் வாங்கினார். இரண்டையும் பிடித்துக்கொண்டு, அதே சிரிப்போடு என் முன்னால் நின்றார்.