கடைசி ஆறு இலக்கம்

புண்ணியகோடியின் மனைவி மரகதம் லேப்டாப்புக்குள் போய் ஒன்பது நாள் ஆகிறது. குப்பையாகக் கிடந்த போட்டோக்களை அடுக்கிவிட்டு வருகிறேன் என்றுதான் போனாள். அன்றைக்கே அது தானாக அப்டேட் ஆகி, பூட்டிக்கொண்டு, நாற்பத்தெட்டு இலக்க மீட்புச் சாவி கேட்டது. உள்ளிருந்து தட்டும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. பாவம், மனுஷன் ஒன்பது நாளும் ரசம் சாதம்தான்.

மீட்பு அலுவலகத்தில் பூங்கோதை என்ற பெண் அவரிடம் பென் டிரைவ் கேட்டாள்.

"லேப்டாப்ப இதுலேர்ந்துதான் எழுப்பணும். இதுல இருக்கறதெல்லாம் அழிஞ்சுடும். பரவாயில்லையா சார்?"

"ம்" என்றார். யார் என்ன கேட்டாலும் அப்படித்தான். பாதி கேட்பார், முழுசாக 'ம்' சொல்வார்.

அதில் கல்யாண வீடியோ இருந்தது. அழிந்தது. கூடவே விரலில் இருந்த மோதிரமும் காணாமல் போயிற்று. பூங்கோதை இரண்டுக்கும் ரசீது கொடுத்தாள்.

"சாவி எங்க?"

"அத எட்டா உடைச்சு, ஆளுக்கு ஆறு இலக்கமா சொந்தக்காரங்ககிட்ட சொல்லி வெச்சிருக்கா. ஒரே எடத்துல இருந்தா தொலைஞ்சுடுமாம்."

"வெவரமானவங்கதான். அஞ்சு மணிக்குள்ள போடுங்க. இல்லன்னா டிஸ்க் தானா அழிஞ்சுடும்."

"உள்ள ஆள் இருக்காம்மா!"

"ஆளுக்குத் தனி ஃபாரம் சார். இப்ப ஸ்டாக் இல்ல."

ஆறு பேர் போனிலேயே சொல்லிவிட்டார்கள். ஏழாவது, மரகதத்தின் அண்ணன் செங்குட்டுவன். அவர் போன தை மாதம் பீரோ ஆகிவிட்டதால் நேரில்தான் போக வேண்டும். அந்த வீட்டுக்குப் பதினெட்டுப் படி. அன்றைக்கு ஏற ஏற நூற்றுப்பத்து வந்தது.

கைப்பிடியைத் திருகியதும் மச்சான் தன் ஆறு இலக்கத்தைச் சொன்னார். அந்துருண்டை வாசம் அடித்தது.

"எட்டாவது யார்கிட்ட மச்சான்?"

"என்ன மாப்ள இப்படிக் கேக்கறீங்க? உங்ககிட்டதான். 'மத்தவங்க மறந்தாலும் அவர் மறக்க மாட்டார்'னாளே!"

புண்ணியகோடி யோசித்துப் பார்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மரகதம் தோசைக்கரண்டியோடு எதிரில் நின்று ஏதோ சொன்னாள். தோசை ஓரம் கருகியிருந்தது ஞாபகம் இருக்கிறது. அவள் உதடு அசைந்ததும் ஞாபகம் இருக்கிறது. ஐயோ, ஒரு எண்கூட ஞாபகம் இல்லை.

அலுவலகத்துக்குத் திரும்பியபோது ஐந்தாக நான்கு நிமிடம் இருந்தது. நாற்பத்திரண்டு இலக்கம் ஏறிவிட்டது. திரையில் ஆறு கட்டம் காலி.

"மீதி ஆறு?"

"எங்கிட்ட சொல்லியிருக்கா. நான்தான் காதுல வாங்கல."

"அப்ப நீங்க என்ன சொன்னீங்க?"

"'ம்'னேன்."

பூங்கோதை முதல் கட்டத்தில் 'ம்' என்று அடித்தாள். திரை அதை ஏற்றுக்கொண்டது. உள்ளே தட்டும் சத்தம் சட்டென்று நின்றது. புண்ணியகோடி லேப்டாப் மீது காதை வைத்தார். அந்தப் பக்கமும் யாரோ காதை வைத்திருந்தார்கள்.

"இன்னும் அஞ்சு கட்டம் இருக்கு சார்" என்றாள் பூங்கோதை.