காலண்டர் மாட்டாத ஜன்னல்

நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரரிடம் எந்தப் பழுதுக்கும் ஒரே வைத்தியம்தான்: காலண்டர். சமையலறை விரிசலுக்கு ஒன்று, குளியலறை ஓதத்துக்கு ஒன்று, கூடத்துச் சுவர் ஓட்டைக்குப் பூனைப் படம் போட்ட பெரியது. குறை சொன்னால் பொறுமையாகக் கேட்பார். மறுநாள் ஆணியும் சுத்தியலுமாகக் கீழ் வீட்டிலிருந்து ஏறி வருவார்.

அக்கா மகளுக்குப் பல் முளைத்தது. ஜன்னல் விளிம்பைப் பிடித்து நின்று, உரிந்த பச்சைப் பெயிண்டைக் கொறிப்பாள். எலி என்று பெயர் வைத்தோம். ரத்தத்தில் ஈயம் ஏற ஆரம்பித்திருக்கிறது, அந்தப் பெயிண்ட் உடனே போயாக வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் சிரிப்பு நின்றது. அக்கா என்னைப் பார்த்தாள். நான் வேதியியல் படித்தவள். ஆனால் வீட்டுக்காரரிடம் "வாங்க" தவிர எதுவும் பேசியதில்லை.

பேசாமல் காட்டிவிடலாம் என்று ஈயச் சோதனைக் குச்சிகள் வாங்கி, அவர் எதிரிலேயே ஜன்னலில் தேய்த்தேன். நுனி சிவந்தது.

"சிவப்பு நல்லாத்தானே இருக்கு" என்றார், கக்கத்தில் காலண்டரோடு.

சிவந்தால் ஈயம், ஈயம் குழந்தை மூளைக்கு ஆகாது என்று அக்கா விளக்கினாள். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"பெயிண்டைக் குறை சொல்லாதீங்கம்மா. எங்கப்பா வாங்கினது, இப்ப எந்தக் கடையில கிடைக்கும்? மிச்சத்தைப் பரண்ல பத்திரமா வச்சிருந்து, போன மாசம்தான் எண்ணெய் விட்டுக் கரைச்சு என் பேரன் தொட்டிலுக்கு..."

பாதியில் நின்றார். குச்சியைப் பார்த்தார்.

"இன்னொண்ணு இருக்காம்மா?"

கொடுத்தேன். செருப்பை விட்டுவிட்டு ஓடினார். திரும்பி வந்தபோது ஒரு கையில் சிவந்த குச்சி, மறு கையில் உப்புத்தாள். நேராக ஜன்னலுக்குப் போனார்.

"தேய்க்காதீங்க சார். தூசி இன்னும் மோசம். இந்த வேலை தெரிஞ்ச ஆளுங்களைக் கூப்பிடுங்க. வீடு உங்களோடது, செலவும் உங்களோடதுதான்."

அவ்வளவு நீளமாக நான் பேசி அக்காவே கேட்டதில்லை. அவர் தலையாட்டினார்.

முகமூடி போட்ட ஆட்கள் வந்தார்கள். வேலை முடியும்வரை நாங்கள் சித்தி வீட்டில் இருந்தோம். தொட்டிலும் ஜன்னலும் போயின. பயம் தெளியாத வீட்டுக்காரர், விரிசல், ஓதம், ஓட்டை எல்லாவற்றையும் சரிசெய்தார். பூனைகூடப் போய்விட்டது.

எலிக்கு மறுபடி ரத்தம் எடுக்கும் தேதியைக் குறித்துவைக்க இப்போது வீட்டில் ஒரு காலண்டரும் இல்லை. கீழே போய்க் கேட்டேன்.

"புதுச் சுவர்ல ஆணியா?" என்று கோபித்துக்கொண்டார்.